தீப்பெட்டியும் பிக்காச்சுவும்



ஜப்பான் போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். புஜி மலை, புல்லட் ரயில் படமெல்லாம் அங்கிருந்தே போட்டாயிற்று. அதையே திருப்பி எழுத எனக்கு விருப்பமில்லை. ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம், அதை மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் மகன் டோக்கியோவில் நிஷி கசாய் என்ற பகுதியில் இருக்கிறான். நம் ஆட்கள், வடநாட்டவர் எல்லாரும் கூட்டமாகக் குடியிருக்கும் இடம். உளுந்து, புளி, கறிவேப்பிலை வரைக்கும் கிடைக்கிறது. இது தெரியாமல் பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு பெட்டி நிறைய பருப்புப்பொடியும் தட்டுவடையும் சுமந்துகொண்டு போனேன். மருமகள் சிரித்துவிட்டு, "தட்டுவடை மட்டும் நல்ல வேலை செஞ்சீங்க அத்தை, அது இங்க கிடைக்காது" என்றாள்.

நாங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒருநாள் பகல் இரண்டரை மணிக்கு மகன் போன் செய்தான். அந்த நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான். பயந்துவிட்டேன். "இடம் கிடைச்சிருச்சும்மா! அஞ்சு பேருக்கும் கிடைச்சிருச்சு!" என்று ஒரே கத்தல். வீடு வாங்கிவிட்டானோ என்று நினைத்தேன். பார்த்தால் ஹோட்டலில் டேபிள்!

போக்கிமான் கஃபே என்று பெயர். டோக்கியோ நிஹோம்பாஷியில் டாகாஷிமாயா என்ற பெரிய கடையின் ஐந்தாவது மாடியில் 2018ஆம் வருடம் மார்ச்சில் திறந்திருக்கிறார்கள். போக்கிமான் என்பது முதலில் ஒரு வீடியோ கேம். கார்ட்டூன், பொம்மை, சினிமா எல்லாம் பின்னால் வந்தவை. அந்த விளையாட்டில் வரும் பிராணிகளைச் சோற்றிலும் கேக்கிலும் காப்பி நுரையிலும் செய்து கொடுக்கும் கடை இது. நாம் போகும் நாளுக்கு 31 நாள் முன்னால், ஜப்பான் நேரம் மாலை ஆறு மணிக்கு இணையத்தில் இடம் திறப்பார்கள். கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். நம்ம ஊர் தட்கல் டிக்கெட் கதைதான். மகனும் மருமகளும் ஆளுக்கொரு செல்போனும் லேப்டாப்புமாக உட்கார்ந்து மூன்றாவது நாள்தான் பிடித்திருக்கிறார்கள்.

"ஒரு வேளைச் சோத்துக்கு இவ்வளவு அலம்பலா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கு வரிசை என்றால் ஆள் நிற்கும் வரிசைதான்.

நிஷி கசாயிலிருந்து டோசாய் லைன் மெட்ரோவில் ஏறினால் நேராக நிஹோம்பாஷி. பேரனுக்கு ஏழு வயது. ரயிலில் வரும்போதே யார் யாருக்கு என்ன பலம், யாரை யார் ஜெயிக்கலாம் என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தான். நெருப்பு வகையைத் தண்ணீர் வகை அணைக்கும், தண்ணீரை மின்சாரம் தாக்கும், மின்சாரம் மண்ணிடம் பலிக்காது. நானும் முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு அட்டவணை போட்டுச் சொல்லிக் கொடுத்தவள். இவன் சொல்வதில் எனக்கு அட்டவணை பிடிபடவே இல்லை. "ஆயா, நீங்க கவனிக்கவே மாட்டேங்கறீங்க" என்றான். அந்த வாக்கியத்தை நான் எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்!

உள்ளே போனால் பளிச்சென்று மரமேசைகள், மஞ்சள் வெளிச்சம். ஒரு மணி நேரம் முப்பது நிமிடம்தான் உட்காரலாம். ஆளுக்கு ஒன்றாவது வாங்கவேண்டும். ஆர்டர் எடுக்க ஆள் வருவதில்லை, மேசையிலேயே ஒரு டேப்லெட், அதில் இங்கிலீஷும் உண்டு. பேரன் பிக்காச்சு முகம் வைத்த சோறு கேட்டான். மருமகள் ஏதோ பான்கேக். வீட்டுக்காரர் காப்பி மட்டும் போதும் என்றார். அதிலும் நுரைமேல் எந்தப் பிராணி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். "எதுவாச்சும் போடச் சொல்லு, சர்க்கரை மட்டும் தனியா குடுக்கச் சொல்லு" என்றார்.

எனக்குத்தான் சிக்கல். நான் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டேன், அன்றைக்குப் பார்த்துச் சனிக்கிழமை. அங்கே குழம்பு என்றால் அதன் மாவுக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ பெரும்பாலும் கலந்திருக்கும். மகன் அட்டவணையெல்லாம் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இனிப்புதான்" என்று சொல்லிவிட்டான். பழமும் ஐஸ்கிரீமும் வைத்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம். சுகர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன், இந்த வரியை என் டாக்டர் படிக்காமல் இருக்கட்டும்.

சோற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். அங்கே குழம்பு ஊற்றிய சோற்றுக்குக் "காரே" என்று பெயர். நம்ம "கறி"தான்! வெள்ளைக்காரன் வாயில் கர்ரியாகி, அவன் கப்பல் வழியாக ஜப்பானுக்குப் போய்க் காரே ஆகிவிட்டது. அதே டோக்கியோவில் ஷின்ஜுகு பகுதியில் நாகமுராயா என்று ஒரு பழைய கடை. ஆங்கிலேயரிடம் சிக்காமல் 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்த ராஷ் பிஹாரி போஸை அந்த வீட்டார்தான் மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த வீட்டுப் பெண்ணையே அவர் கல்யாணம் செய்துகொண்டார். 1927இல் அவர் சொல்லிக்கொடுத்த இந்தியக் கறி அந்தக் கடையின் சாப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரி கதை என்றால் உயிர். பிக்காச்சுவை விட்டுவிட்டு மேசையில் பத்து நிமிடம் இதையே பேசினார். பேரன் கொட்டாவி விட்டான்.

தட்டு வந்தது. மஞ்சள் சோற்றில் இரண்டு காது, கருப்புக் கண், கன்னத்தில் சிவப்பு வட்டம். இந்தப் பிக்காச்சுவை முதலில் வரைந்தது அட்சுகோ நிஷிதா என்ற பெண். அணில் தன் தீனியைக் கன்னத்தில் அடக்கி வைக்குமல்லவா, அதைப் பார்த்து அந்தக் கன்னத்தில் மின்சாரத்தை அடக்கி வைத்தாராம். மின்சார எலி என்கிறார்கள், மூலம் என்னவோ நம்ம அணில்பிள்ளைதான்.

பேரன் சாப்பிடவில்லை. சுற்றியுள்ள குழம்பை மட்டும் நக்கிக்கொண்டு முகத்தை அப்படியே வைத்திருந்தான். "சாப்புடு கண்ணு, ஆறிப்போச்சு" என்றால், "பாவம் ஆயா" என்கிறான். அவன் அப்பனும் இப்படித்தான். சின்ன வயதில் தோசையை யானை மாதிரி, கிளி மாதிரி ஊற்றித் தருவேன். கிளியின் மூக்கை மட்டும் தின்னாமல் தட்டோரத்தில் ஒதுக்கி வைத்திருப்பான். எனக்கு எட்டரைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியாக வேண்டும். மூக்கையும் அவன் வாயில் திணித்துவிட்டு ஓடுவேன்.

அப்போதுதான் மகன் ஒரு கதை சொன்னான். பேரனுக்காகச் சொன்னான், கேட்டுக்கொண்டது நான்.

இந்த விளையாட்டை உண்டாக்கியவர் பெயர் சதோஷி தஜிரி. 1965இல் பிறந்தவர், என்னைவிடச் சின்னவர். டோக்கியோவின் ஓரத்தில் மச்சிதா என்ற ஊரில் வளர்ந்தார். அப்போது அது வயலும் குளமும் குட்டையுமாக இருந்த இடம். அந்தப் பையனுக்குப் பொழுதெல்லாம் பூச்சி பிடிப்பதுதான் வேலை. கூடப் படித்த பிள்ளைகள் "பூச்சி டாக்டர்" என்றே கூப்பிட்டார்களாம். பிறகு நகரம் வளர்ந்தது. வயல் போய்க் கட்டடம், குளம் போய் வீடியோ கேம் சென்டர். பூச்சி இல்லாமல் போகவே, பையன் கேம் சென்டருக்குள் போய்விட்டான். பெரியவனான பிறகு, கையில் வைத்து விளையாடும் கேம் பாய் என்ற கருவி வந்தது. இரண்டு கருவிகளை ஒரு ஒயரால் இணைக்கலாம். அந்த ஒயரைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றியதென்றால், அதன் வழியாக ஒரு பூச்சி ஊர்ந்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது மாதிரி. உன்னிடம் உள்ளதை எனக்குக் கொடு, என்னிடம் உள்ளதை நீ வாங்கிக்கொள் என்று தான் சின்ன வயதில் செய்ததை, பூச்சியே பார்க்காத நகரத்துப் பிள்ளைகளும் செய்யட்டும் என்று நினைத்தார். ஆறு வருஷம் பாடுபட்டு 1996 பிப்ரவரி 27இல் அந்த விளையாட்டு வெளியானது. முதலில் 151 பிராணிகள். இப்போது ஆயிரத்துக்கு மேல்.

நான் ஐஸ்கிரீம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி. பனமரத்துப்பட்டி ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் ட்ரெய்னிங் முடித்து வேலைக்கு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். புரட்டாசி மழை பெய்து ஓய்ந்த சமயம். கடைசி பெஞ்சில் "கர் கர்" என்று சத்தம். ஒரு பையனின் டவுசர் பையில் தீப்பெட்டி. திறந்தால் பொன்வண்டு. நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பச்சையும் பொன்னுமாய் மின்னும், கழுத்துப் பக்கம் ஒரு நிறம், முதுகுப் பக்கம் ஒரு நிறம். தின்பதற்கு வெள்வேல இலை, கொடுக்காப்புளி இலை கிள்ளிப் போட்டு வைப்பார்கள். முட்டை போட்டிருக்கிறதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பார்கள். இரண்டு வண்டுக்கு ஒரு பலப்பம், நாலு கோலிக்குண்டு என்று பண்டமாற்று வேறு நடக்கும்.

நான் தீப்பெட்டியைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினேன். பையனுக்கு முட்டிங்கால் தண்டனை. அன்றைக்கு நான் கரும்பலகையில் எழுதி வைத்திருந்த பாடத் தலைப்பு என்ன தெரியுமா? "பூச்சிகள்". ஆறு கால், மூன்று பகுதி உடல், இரண்டு உணர்கொம்பு என்று அட்டைப் படம் மாட்டி நடத்திக்கொண்டிருந்தேன். உயிரோடு இருந்த பாடத்தை வெளியே எறிந்துவிட்டு அட்டையைக் குச்சியால் தட்டினேன்.

அந்தப் பையன் இப்போது அரளித் தோட்டம் வைத்திருக்கிறான். எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி "டீச்சர், சௌக்கியமா" என்பான். அவனுக்கு அது நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதில்லை.

இவ்வளவும் மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். மருமகளும் சிரித்தாள். நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் தலையில் தொப்பி வைத்த ஒரு பெரிய பிக்காச்சு வேஷக்காரர் ஆடிக்கொண்டு வந்தார். கடை முழுவதும் கைதட்டல். பேரன் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டான். குழந்தைகளைவிட முப்பது வயதுக்காரர்கள்தான் அதிகமாகக் குதித்தார்கள், என் மகன் உட்பட. மேசையில் கோப்பைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை இருந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு பிராணி. எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். பேரன் அவனுடையதையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டான். மகனும் தன்னுடையதைத் துடைத்து, சட்டைப் பையில் வைக்காமல், பர்ஸைத் திறந்து உள்ளே வைத்தான்.

அந்த வட்ட அட்டையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

2004 வாக்கில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் வில்லை வரும். டாசோ என்பார்கள். இதே போக்கிமான் படங்கள்தான். மகன் அப்போது ஏழாம் வகுப்பு. ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தான். அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் நாற்பத்தொன்று. மார்க்கைவிட, "டீச்சர் வீட்டுப் பையனே இப்படி" என்று ஒருவர் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் கொட்டினேன். பிளாஸ்டிக் நாற்றம் புறக்கடை முழுக்க அடித்தது. அவன் வாசற்படியில் நின்று பார்த்தான். அழவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. முழுப் பரீட்சையில் எண்பத்தெட்டு வாங்கினான். அதை என் வெற்றி என்று ஸ்டாஃப் ரூமில் நானே பலதடவை சொல்லியிருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

திரும்பும்போது ரயிலில் கூட்டம். பேரன் தாத்தா மடியில் தூங்கிவிட்டான். மகன் எனக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜப்பான் ரயிலில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள், அதனால் நானும் மெதுவாகத்தான் கேட்டேன்.

"ஏஞ்சாமி, அந்த பிஸ்கட் டப்பா ஞாபகம் இருக்குதா?"

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எழுபத்தெட்டும்மா" என்றான்.

"என்னது?"

"எழுபத்தெட்டு இருந்துச்சு. அதுல ரெண்டு டபுள்."

கயாபாச்சோ ஸ்டேஷன் வந்து போயிற்று. அடுத்த ஸ்டேஷனும் போயிற்று. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிய வாய். "நான் அப்பிடிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று சொன்னேன். அவ்வளவுதான் வந்தது.

"அந்த டபுள் ரெண்டையும் மறுநாள் ஒரு பையன்கிட்ட மாத்தறதா இருந்தேன்" என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்லைம்மா. உங்களுக்கு அன்னைக்கு வேற என்ன தெரியும்" என்றான். ஆறுதலாகச் சொன்னானா, உண்மையைச் சொன்னானா? யோசித்துப் பார்த்தால் இரண்டும்தான் என்று படுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் அவள் என்னைப் பக்கத்திலிருந்த நூறு யென் கடைக்குக் கூட்டிப் போனாள். நம்மூரில் பிளாஸ்டிக் குடம் அடுக்கி வைத்திருப்பார்களே, அதுமாதிரி அங்கே பூச்சி பிடிக்கும் வலையும், பூச்சி வைக்கும் சின்னக் கூண்டும் தொங்குகின்றன. காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைகளுக்குப் பூச்சி பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்! கொம்பு வண்டை வளர்ப்பது அங்கே கோடை விடுமுறையில் வழக்கம். இன்னொன்றும் படித்தேன். நாரா பக்கம் ஹோர்யுஜி என்ற பழைய புத்தர் கோயில். அதில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறிய மரக் கோயில் மாடம் இருக்கிறது. அதன் ஓரங்களில் தமாமுஷி என்ற வண்டின் இறக்கைகளை அடியில் பரப்பி, மேலே உலோக வேலைப்பாடு பதித்திருக்கிறார்கள். தமாமுஷி நம்ம பொன்வண்டின் குடும்பம்தான். நான் ஜன்னலில் வீசினதை அவர்கள் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்பே சாமிக்குப் பதித்திருக்கிறார்கள். நேரில் போய்ப் பார்க்க நாள் போதவில்லை.

கிளம்பும் நாள் பேரன் கேட்டான், "ஆயா, பொன்வண்டுன்னா எந்த டைப்பு? பூச்சி டைப்பா, பறக்கற டைப்பா?"

"ரெண்டும்டா" என்றேன். இந்தக் கேள்விக்காவது பதில் தெரிந்ததே! ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது ஒன்று பிடித்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொடுத்த பிறகுதான் தெரிகிறது எவ்வளவு பெரிய வாக்கு என்று. ஏரிப் பக்கம் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். நம் சின்ன வயதில் கரையெல்லாம் வெள்வேல மரமாக இருந்தது எனக்கு நினைவு. இப்போது கண்ணுக்கு எட்டும் வரைக்கும் சீமைக்கருவேலம், அதை வெட்டிய மொட்டை, அதன் மறுதுளிர். தோட்டங்களில் மருந்தடிக்கும் வாசனை. எங்கள் கிணற்றோரக் கொடுக்காப்புளி மரத்தையும் கிளை கிளையாகத் தேடிவிட்டேன். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "ரிட்டையர் ஆனப்புறம் டீச்சர் பூச்சி டாக்டர் ஆயிட்டாங்க" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்கிறார்.

அரளித் தோட்டக்காரப் பையனிடமும் போன வாரம் கேட்டேன். வண்டியை நிறுத்தினான். "பொன்வண்டா? எதுக்கு டீச்சர்?" என்றான். பேரனுக்கு என்றேன். என் முகத்தையே ஒரு நொடி பார்த்தான், சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "கிடைச்சா கொண்டாறேன். ஆனா தீப்பெட்டியோட தூக்கி எறியக் கூடாது" என்றான்.

ஆக, நட்புகளே, தும்பல்பட்டி, நாழிக்கல்பட்டி, மல்லூர், ஜருகுமலை அடிவாரம், நம்ம பக்கம் எங்கேயாவது இந்த மழைக்குப் பொன்வண்டு கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மரம் எது, இடம் எது என்று சொன்னால் போதும், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். தீப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.